தாராண்மையும் சமவுடைமையும்

அரசியல் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் சொற்களுட் பல, பொருள் தெளியப்படாமலே வழங்கி வருகின்றன. தாராண்மைவாதம், சமவுடைமைவாதம் என்னும் இரண்டும் அத்தகையன. முன்னது செல்வர்க்குரியது, பின்னது வறியோர்க்குரியது என்று கூறி அமைவார் உளர். முன்னது சுதந்திரம், பின்னது அடக்குமுறை என்பாரும் உளர். இருசாரார் கூற்றும் முழு உண்மையன்று. எக்குறையை நீக்குதற்பொருட்டு இக்கொள்கைகள் தோன்றின என்பதை அறிந்தாலன்றி, அவற்றை ஒப்பிட்டு மதிப்பிடல் இயலாது.

தாராண்மைவாதம் வரம்பற்ற அரசதிகாரத்துக்கு எதிராக எழுந்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட ஸ்ருவட் மன்னர்கள், தம் அதிகாரம் இறைவன் அளித்ததெனக் கூறிப் பாராளுமன்றத்தோடு முரணினர். 1688ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்து வெளிவந்த நூலில் ஜோன் லொக் என்னும் அறிஞர் இக்கூற்றை மறுத்தார். உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றுக்கான உரிமை அரசு தோன்றுமுன்னரே மனிதனுக்கு உண்டு. அதனைக் காத்தற்கே மக்கள் உடன்பட்டு அரசை அமைத்தனர். அக்கடமையினின்று வழுவும் அரசை மாற்றவும் அவர்க்கு உரிமையுண்டு என்பது அவர் கொள்கை. 1776இல் அடம் சிமித், வணிகத்திலும் அரசின் தலையீடு குறைதல் நாட்டின் செல்வத்தைப் பெருக்குமென விளக்கினார். 1859இல் ஜோன் ஸ்ருவட் மில், பிறர்க்குத் தீங்கு நேராவிடத்துத் தனிமனிதனின் சிந்தனையிலும் செயலிலும் அரசோ சமூகமோ தலையிடலாகாதென வாதித்தார். அரசன் ஒருவனின் கொடுமையை மட்டுமன்றிப் பெரும்பான்மையோரின் கொடுமையையும் அவர் அஞ்சினார் என்பது நாம் மறத்தற்குரியதன்று.

சமவுடைமைவாதமோ வேறொரு துன்பத்திற் பிறந்தது. கைத்தொழிற் புரட்சியின் பின்னர் இங்கிலாந்தின் ஆலைகளிற் செல்வம் குவிந்தது. அதனை உண்டாக்கியோர் வாழ்வு தாழ்ந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டம், ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கமர்த்தலாகாதெனத் தடுத்தது. அங்ஙனம் தடுக்கச் சட்டமொன்று வேண்டியிருந்தது என்பதே அக்கால நிலையைக் காட்டப் போதும். முதலாளியும் தொழிலாளியும் தம் விருப்பப்படி ஒப்பந்தஞ் செய்கின்றனர். அதில் அரசு தலையிடுவதேன் என்று அக்காலத் தாராண்மையாளர் பலர் வினவினர். முதலாளி ஒரு மாதம் பொறுத்திருக்கலாம், தொழிலாளியின் வயிறு ஒரு நாளும் பொறாது. ஆதலின் அவ்விருவரும் சமநிலையில் நின்று ஒப்பந்தஞ் செய்பவரல்லர் என்பது சமவுடைமையாளர் விடை. 1848இல் கார்ல் மாக்சும் ஏங்கெல்சும் வெளியிட்ட பொதுவுடைமைக் கட்சி அறிக்கை, உற்பத்திச் சாதனங்கள் தனியார் கையில் இருப்பதே சுரண்டலுக்கு மூலமென்றது. எனினும் சமவுடைமையாளர் அனைவரும் புரட்சி வழியை ஏற்றவரல்லர். ஜேர்மனியில் பேண்ஸ்ரைனும், இங்கிலாந்தில் 1884இல் தோன்றிய பேபியன் சங்கத்தாரும் பாராளுமன்ற வழியையே நாடினர்.

இனி இரண்டன் வேறுபாட்டையும் நோக்குவோம். சுதந்திரமாவது பிறர் தடை இன்மை என்பர் தொன்மைத் தாராண்மையாளர். தடை இல்லாவிடினும் வழிச்செலவு இல்லாதவன் பயணஞ் செய்யவியலுமோ என வினவுவர் சமவுடைமையாளர். முன்னவர்க்கு உடைமை, சுதந்திரத்தின் அரண். பின்னவர்க்கு, சிலரின் உடைமை பலரின் அடிமைத்தனம். முன்னவர் சட்டத்தின்முன் சமத்துவம் போதுமென்பர். பின்னவர் வாழ்க்கை நிலையிலும் சமத்துவம் வேண்டுவர். முன்னவர் அரசைக் கண்டு அஞ்சுவர். பின்னவர் செல்வத்தின் ஆதிக்கத்தைக் கண்டு அஞ்சுவர்.

இருவர் அச்சமும் வீணானதன்று என்பதை 20ஆம் நூற்றாண்டு காட்டியது. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தின் விளைவாக, 1933இல் அமெரிக்க உழைப்பாளருள் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் வேலையிழந்திருந்தனர். கட்டுப்பாடற்ற சந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கை அங்கு தளர்ந்தது. மறுபுறத்தில், 1917ஆம் ஆண்டுப் புரட்சியின் வழித் தோன்றிய சோவியத் ஆட்சி எதிர்க்கட்சிகளை ஒழித்தது. உழவர் நிலங்கள் கட்டாயக் கூட்டுப்பண்ணைகளாக்கப்பட்டபின், 1932, 1933ஆம் ஆண்டுகளில் உக்ரேன் முதலிய பகுதிகளிற் பல இலட்சம் மக்கள் பஞ்சத்தால் மாண்டனர். தவற்றைத் தவறெனச் சொல்லும் உரிமை அங்கு எவர்க்கும் இருக்கவில்லை. 1991இல் அவ்வரசு கலைந்தது.

இவ்விரு கொள்கைகளும் ஒன்றையொன்று திருத்திக்கொண்ட வரலாறும் உண்டு. பிரித்தானியாவில் முதியோர் உபகாரச் சம்பளத்தை 1908இலும், தேசிய காப்புறுதியை 1911இலும் கொணர்ந்தது தாராண்மைக் கட்சியரசே. 1942இல் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்த பெவரிட்ஜ் ஒரு தாராண்மையாளர். 1945இல் ஆட்சிக்கு வந்து அதனைப் பெரும்பாலும் நிறைவேற்றியது அற்லியின் தொழிற்கட்சி அரசு. அவ்வரசின் தேசிய சுகாதார சேவை 1948இல் தொடங்கியது. இவையனைத்தும் வாக்குரிமையும் பத்திரிகைச் சுதந்திரமும் குன்றாதபடி நிகழ்ந்தன.

இலங்கையிலும் இவ்விரு நீரோட்டங்கள் கலந்தன. 1931இல் ஆண், பெண் இருபாலார்க்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. பிரித்தானியப் பெண்கள் ஆடவர்க்குச் சமமான வாக்குரிமை பெற்றது அதற்கு மூன்றாண்டுகள் முன்னரேயாம். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. அதன் தலைவருள் ஒருவரான என். எம். பெரேரா, இலண்டனில் லாஸ்கியிடம் பயின்றவர். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, ஒவ்வொருவர்க்கும் வாய்ப்பு என்னும் தாராண்மை இலட்சியத்தைப் பொதுப்பணம் என்னும் சமவுடைமை வழியால் எய்த முயன்றது.

ஆயின் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது இவ்விரு கொள்கைகளும் நேருக்கு நேர் மோதின. நாட்டின் பிள்ளைகள் அனைவர்க்கும் ஒரே தரக் கல்வியை அரசே அளித்தல் வேண்டும் என்றது ஒருபக்கம். ஒரு சமூகம் தன் பொருளாலும் உழைப்பாலும் எழுப்பிய நிறுவனத்தைத் தன் சமயநெறிப்படி நடத்தும் உரிமை உடையதன்றோ என்றது மறுபக்கம். சைவப் பெரியோர் பிடியரிசியும் நன்கொடையும் சேர்த்து வளர்த்த இந்துக் கல்லூரிகளின் மைந்தராகிய நாம் இரண்டாம் வினாவின் வலிமையை நன்குணர்வோம். கட்டணஞ் செலுத்த வகையற்றிருந்த பிள்ளையின் கண்கொண்டு முதல் வாதத்தையும் நோக்குதல் நம் கடமை.

இவற்றினும் கடுமையான சோதனை ஒன்றுண்டு. சமூகங்களுக்கிடையே வேறுபாடு காட்டும் சட்டங்களைச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடைசெய்தது. அத்தகைய தாராண்மைக் காப்பு இருந்தும், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்குரிமையும் இழந்தனர். அன்று அதனை எதிர்த்தவருள் இடதுசாரிகள் முன்னின்றனர். அவர்களே 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தையும் எதிர்த்தனர். எனினும் அவ்வணியினரான கொல்வின் ஆர். டி சில்வா பொறுப்பேற்று உருவாக்கிய 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 29ஆம் பிரிவின் காப்பைக் கைவிட்டது.

ஆகவே, எக்கொள்கையும் தன் பெயரின் வலிமையால் மட்டும் நீதி வழங்குவதில்லை. தாராண்மையில்லாச் சமவுடைமை, கேள்விகேட்பாரற்ற அதிகாரமாகும். சமவுடைமை நோக்கில்லாத் தாராண்மை, வறியோர்க்குப் பயன்படாத உரிமைப் பட்டியலாகும். சிறுபான்மையோர்க்கு அறம் வழங்கும் மனம் ஆள்வோர்க்கு இல்லாவிடின் இரண்டுமே பயனற்றொழியும். இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர் நாளை எக்கட்சியைச் சார்ந்தாலும் சார்க. அக்கட்சி ஆட்சி பெறும்போது அதன் கையைப் பிடித்து நிறுத்த வல்லது யாது என்பதையும், அதன் ஆட்சியிற் கடைநிலையில் நிற்பவன் பெறுவது யாது என்பதையும் அவர் முதலிற் கேட்டறிவாராக.