போலி எஸ்.டி. சான்றிதழை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வங்கியிலோ மத்திய அரசு அலுவலகத்திலோ முப்பது வருடம் வேலை பார்த்தாயிற்று. ஓய்வு பெறும் நேரத்தில் ‘உங்கள் எஸ்.டி. சான்றிதழின் மெய்த்தன்மை இன்னும் உறுதியாகவில்லை’ என்று ஓய்வூதியத்தை நிறுத்திவைக்கிறார்கள். இப்படிப்பட்ட வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் புதியவை அல்ல. ஆள் எடுக்கும்போதே பார்த்திருக்க வேண்டியதை ஏன் கடைசியில் பார்க்கிறார்கள், எதை வைத்துப் பார்க்கிறார்கள்?

யார் பழங்குடி என்பதைச் சொல்வது குடியரசுத் தலைவரின் 1950-ஆம் ஆண்டு ஆணைப் பட்டியல். அதில் ஒரு பெயரைச் சேர்க்கவோ எடுக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். ‘எங்கள் சாதியும் பட்டியலில் உள்ள அந்தப் பழங்குடியும் ஒன்றுதான்’ என்று சாட்சியம் கொண்டுவந்து நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் வழியில்லை. 2000-ல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

ஆரம்பத்தில் பல பழங்குடிகளுக்கு வட்டார எல்லை இருந்தது. குறிப்பிட்ட பகுதியில் வசித்தால்தான் அந்தப் பெயர் செல்லும். 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பெரும்பாலான எல்லைகளை நீக்கியது. பிழைப்புக்காக மலையிறங்கியவர்களுக்கு அது நியாயம்தான். ஆனால் பெயர் ஒற்றுமையை வைத்து உள்ளே வர நினைத்தவர்களுக்கும் அது வசதியாகிவிட்டது. கொண்டா ரெட்டி பழங்குடி. அதற்காக ரெட்டி என்று பெயர் முடியும் எல்லாரும் பழங்குடி அல்ல. காட்டுநாயக்கன் விஷயமும் அப்படியே: அது பழங்குடி, அதற்காக நாயக்கர் என்று பெயர் முடியும் எல்லாரும் பழங்குடி அல்ல. போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் 1989 நவம்பர் 11 வரை எஸ்.டி. சான்றிதழுக்குத் தாசில்தார் கையெழுத்தே போதும். அதன் பிறகுதான் கோட்டாட்சியர் தரவேண்டும் என்று ஆயிற்று.

விசாரணைக்கென்று ஒரு நடைமுறை வந்தது 1994-ல், மகாராஷ்டிரத்தின் மாதுரி பாட்டீல் வழக்கில். தாங்கள் மகாதேவ் கோலி பழங்குடி என்று சொல்லித் தொழிற்கல்வி இடம் கேட்ட சகோதரிகளின் வழக்கு அது. அப்பாவின் பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினால் ‘இந்து கோலி’ என்று இருந்தது. அந்தச் சாதி பழங்குடிப் பட்டியலில் இல்லை. கல்லூரி இடத்துக்கும் அரசு வேலைக்கும் சேர்த்து உச்ச நீதிமன்றம் 15 நெறிமுறைகளை வகுத்தது. மாநிலம்தோறும் கூர்நோக்குக் குழு வேண்டும். அதில் பழங்குடிகளை அறிந்த ஆய்வு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். குழுவுக்கு உதவியாகக் காவல் துறை டி.எஸ்.பி. தலைமையில் ஒரு விழிப்புப் பிரிவு. விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்கச் சொன்னது தீர்ப்பு. அந்த இரண்டு மாதம் எத்தனையோ கோப்புகளில் பத்து, இருபது வருடமானது வேறு கதை.

விழிப்புப் பிரிவின் இன்ஸ்பெக்டர் இப்போது குடியிருக்கும் ஊருக்கும் போகவேண்டும், பூர்விக ஊருக்கும் போகவேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்புப் பதிவு ஆகியவற்றைப் பார்ப்பார். பெற்றோரையும் ஊராரையும் கேட்பார். பிறகு கும்பிடும் தெய்வம், கல்யாண முறை, சாவுச் சடங்கு, பிணத்தை எப்படிப் புதைக்கிறார்கள் என்பது வரை கேள்விகள் நீளும்.

இந்தப் பழக்கவழக்கச் சோதனைதான் சிக்கலான இடம். மூன்று தலைமுறையாகச் சென்னையில் வாழும் பழங்குடிப் பெண் மற்றவர்களைப் போலத்தான் கல்யாணம் செய்துகொள்வாள். பதில் தெரியாததால் அவள் போலி ஆகிவிடுவாளா? மறுபக்கம், புத்தகத்தைப் படித்து மனப்பாடம் செய்தவர் எல்லாக் கேள்விக்கும் சரியாகச் சொல்லிவிடலாம். உச்ச நீதிமன்றமும் 2011-ல் சுதந்திரத்துக்கு முந்தைய ஆவணங்களுக்கே அதிக மதிப்பு என்றது. 2023-ல், பழக்கவழக்கச் சோதனை உரைகல் ஆகாது, எல்லா வழக்குக்கும் அது தேவையும் இல்லை என்றது. பழைய ஆவணத்துக்கு மதிப்புத் தரக் காரணம் எளிது. சலுகை என்ற பேச்சே இல்லாத காலத்தில் எழுதிய பதிவேட்டில் பொய் சொல்ல யாருக்கும் தேவை இருந்திருக்காது.

எனக்கு இதில் ஒரே உறுத்தல், பள்ளிக்கூடத்தையே பார்க்காத குடும்பத்துக்குப் பள்ளிப் பதிவேடு எங்கிருந்து வரும் என்பதுதான். போலிக்குப் போட்ட வேலி அசலையும் தடுக்கிறது. மகனுக்கு எஸ்.டி. சான்றிதழ் கிடைக்காத விரக்தியில் 2022 அக்டோபரில் ஒருவர் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளித்து இறந்தார். மலையாளி என்ற பழங்குடிக்கு (கேரள மலையாளிகள் அல்ல) வட்டார எல்லை இன்னும் நீங்கவில்லை; ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் மலையாளிகள், பட்டியலில் அவர்கள் மாவட்டம் இல்லாததால், பக்கத்துச் சேலத்து உறவினருக்குள்ள தகுதியைத் தங்களுக்கும் தரும்படி பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

போலி என்று உறுதியானால் என்ன ஆகும்? ‘இத்தனை வருடம் உழைத்துவிட்டேன்’ என்ற வாதம் எடுபடாது. இந்திய உணவுக் கழக வழக்கில் 2017-ல் வந்த தீர்ப்பின்படி, பொய்ச் சான்றிதழில் கிடைத்த வேலையை நீண்ட சர்வீஸைக் காட்டிக் காப்பாற்ற முடியாது. ஏனென்றால் அந்த இடம் ஓர் உண்மையான பழங்குடியிடமிருந்து போனது. குற்ற வழக்கும் வரலாம்.

ஆனால் விசாரணை நடக்காமல் யார் சான்றிதழையும் ரத்து செய்ய முடியாது. விழிப்புப் பிரிவின் அறிக்கை பாதகமாக இருந்தால் அதன் நகலோடு நோட்டீஸ் வரவேண்டும், பதில் சொல்ல வாய்ப்பும் தரவேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்தவர் தாத்தா, அப்பா, அப்பாவழிப் பெரியப்பா, அத்தை என்று யாருடைய பழைய பள்ளிப் பதிவு, பிறப்பு இறப்புப் பதிவு கிடைத்தாலும் நகல் வாங்கி வைப்பது நல்லது. ரத்தவழி உறவினருக்கு ஏற்கெனவே முறையான விசாரணைக்குப் பின் மெய்த்தன்மை உறுதியாகியிருந்தால் அந்த உத்தரவும் உதவும். குழுவின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். கீழ்க்கோர்ட்டில் சிவில் வழக்குப் போட்டு இழுக்க வழியில்லை.