மழைக்குப் பின் மிதுக்கு, பனிக்குப் பின் இலந்தை

கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த பிறகு எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் நடந்தால், உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் நடுவே யாரும் விதைக்காத ஒரு கொடி தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். கட்டைவிரல் பருமனில் காய்கள். அதுதான் மிதுக்கு. வெள்ளரியின் சொந்தக்காரக் கொடி என்றாலும் பச்சையாகக் கடித்துவிட்டால் கசப்பு நாக்கை விட்டு லேசில் போகாது. களையெடுக்கப் போன பெண்கள் வீடு திரும்பும்போது மடியில் இரண்டு கை காய் இருக்கும். அடுத்த நாளே அது மோர்ப் பானைக்குள் போய்விடும். தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடைகளில் பொட்டலமாக விற்கிற மிதுக்க வத்தலின் தொடக்கம் இந்த மடிதான்.

காட்டில் தானாகக் காய்த்ததைப் பறித்து வீட்டில் பதப்படுத்துவது உலகத்துக்குப் பொதுவான பழக்கம். இங்கிலாந்தில் கோடை முடிகிற ஆகஸ்ட், செப்டம்பரில் வேலியோர முட்புதர்களில் பிளாக்பெர்ரி கறுத்துப் பழுக்கும். குடும்பத்தோடு வாளி எடுத்துப் போய்ப் பறித்து ஜாம் காய்ச்சுவார்கள். நம் நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் அதன் உறவுச் செடிகள் உண்டு. ஆனால் தூத்துக்குடியின் சூட்டில் அந்த இனம் பிழைக்காது. இங்கே அந்த இடத்தில் இருப்பவை மிதுக்கும் இலந்தையும் களாவும் சப்பாத்திக்கள்ளியும்.

பதப்படுத்தும் முறை ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதைப் பருவமே சொல்லிவிடும். பிளாக்பெர்ரி பழுக்கும்போது அந்த நாட்டில் வெயில் விடைபெறத் தொடங்குகிறது. காயவைக்க வழியில்லை. அதனால் சர்க்கரையை நம்பினார்கள். ஜாமில் நூற்றுக்கு 65 பங்கு அளவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டால், பழத்தில் இருக்கிற நீர் நுண்ணுயிர்களுக்குப் பயன்படாமல் போகிறது. தூத்துக்குடியில் கதை நேர் எதிர். வடகிழக்குப் பருவமழைதான் இங்கே பெருமழை. அது மார்கழியில் ஓய்கிறது, காய்கள் திரள்கின்றன, கூடவே வெயிலும் திரும்பி வருகிறது. உப்புக்கோ பஞ்சமே இல்லை. நாட்டின் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிப் பாத்திகளில் வாருவது. உப்பு செய்வதும் சர்க்கரை செய்கிற அதே வேலையைத்தான்: நீரை இழுத்துக் கட்டிப்போடுகிறது. மிச்சத்தை வெயில் முடித்துவிடும்.

கடற்கரையில் கருவாடு காய்வதும், கரிசலில் வத்தல் காய்வதும் ஒரே அறிவின் இரண்டு கிளைகள். இந்தக் கரையின் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. உப்பும் வெயிலும் வைத்துப் பிழைக்கிற கலை இன்னும் நிற்கவில்லை.

மிதுக்க வத்தல் போடுவதில் அவசரத்துக்கு இடமில்லை. முற்றாத காயாகப் பார்த்து எடுத்துக் கழுவி, காம்பை நீக்கி, கத்தியால் கீறியோ அம்மியில் லேசாகத் தட்டியோ வைத்துக்கொள்ள வேண்டும். கீறல் இல்லாவிட்டால் உப்பு உள்ளே இறங்காது. கல்லுப்புப் போட்ட புளித்த மோரில் இரவு முழுக்க ஊறட்டும். காலையில் எடுத்து வெயிலில் பரப்பி, மாலையில் மறுபடி அதே மோரில் போட வேண்டும். மூன்று நாலு நாளில் மோர் முழுவதையும் காய் குடித்துவிடும். அதற்குப் பிறகு மோர் கிடையாது, வெயில் மட்டும்தான். ஒடித்தால் ‘சடக்’கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பூஞ்சை வரும். நல்லெண்ணெயில் பொரித்துப் புளிக்குழம்பில் போட்டாலும் சரி, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டாலும் சரி, பச்சையில் தாங்க முடியாத அந்தக் கசப்பு இப்போது ருசியாக மாறியிருக்கும். டப்பாவில் அடைத்த பிறகும் மாதம் ஒருமுறை வெயில் காட்டுவது நல்லது.

பறிக்கும்போது ஒரு எச்சரிக்கை அவசியம். மணற்பாங்கான இடங்களில் பேய்க்குமட்டி என்கிற கொடியும் இப்படியே தரையில் படரும். அதன் காய் உருண்டையாக, பச்சை வரியோடு எலுமிச்சை, ஆரஞ்சு அளவுக்கு வளரும். இலை தர்பூசணி இலைபோல ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். உண்டால் கடும் வயிற்றுப்போக்கு. இளம்பிஞ்சாக இருக்கும்போது இரண்டும் குழப்பக்கூடும் என்பதால் காயைவிட இலையைப் பார்ப்பதே பாதுகாப்பு. கொடியை அறிந்த பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் முதல்முறை யாரும் பறிக்கவே கூடாது. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் காட்டாமணக்கு விதை, குன்றிமணி இரண்டையும் முதலில் காட்டி, இவை விஷம் என்று சொல்லிவிட வேண்டும்.

தை பிறந்து பனி விலகும்போது இலந்தையின் முறை. ஓடைக்கரை, கண்மாய்க்கரை, பள்ளிக்கூட மதிலோரம் என்று எங்கும் நிற்கிற முள்மரம் இது. பழம் தரையில் உதிரத் தொடங்கினால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். இதிலிருந்து செய்வதுதான் இலந்தை வடை. பெயர்தான் வடை; எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழத்தை ஒருநாள் வெயிலில் வாட்டி, காய்ந்த மிளகாய், உப்பு, புளி, பெருங்காயம், கொஞ்சம் கருப்பட்டி சேர்த்து உரலில் இடித்துத் தட்டிக் காயவைப்பார்கள். கருப்பட்டிக்கு இந்த மாவட்டத்தில் அலைய வேண்டியதில்லை; உடன்குடிக் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடே பெற்றது. இதே பழத்தை ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் ‘ரேகி வடியாலு’ என்ற பெயரில் இடித்துக் காயவைக்கிறார்கள்.

இலந்தையில் ஒரு தொல்லை புழு. பழ ஈ ஒன்று காய்ப் பருவத்திலேயே துளையிட்டு முட்டையிடும். வெளியே பார்க்கப் பழம் மினுமினுவென்றுதான் இருக்கும். இடிப்பதற்கு முன் பழங்களைப் பிளந்து பார்க்கிற பொறுமை வேண்டும். பழத்தில் வைட்டமின் சி ஏராளம் என்பது உண்மை. ஆனால் வெயிலில் காயும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். சத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள் மரத்தடியிலேயே பழமாகத் தின்றுவிடுவது மேல்.

கோடை ஏறியதும் கடலோரப் புதர்க்காடுகளில் களா. காயைப் பறித்தால் வெள்ளைப் பால் வடிந்து விரலில் ஒட்டும். பிஞ்சுக் காயைக் கீறி உப்பில் போட்டால் ஊறுகாய். கறுத்த பழத்தில் பெக்டின் நிறைய இருப்பதால் சர்க்கரையோடு காய்ச்சினால் ஜெல்லியாக உறையும். பிளாக்பெர்ரி ஜாமுக்கு இந்த மண்ணில் அண்ணன் தம்பி என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் களாவைத்தான் சொல்ல வேண்டும். நிறம்கூட அதே கருஞ்சிவப்பு.

சப்பாத்திக்கள்ளியின் கதை வேறு மாதிரி. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. இங்கே வந்து தரிசெல்லாம் பரவி விவசாயிகளை விரட்டியது. 1926இல் எதிர்க்கரையான இலங்கையிலிருந்து ஒரு வகைச் செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே தென்னிந்தியாவில் அது அடங்கியது. அன்று தொல்லையாக இருந்ததன் பழத்தை இன்று தேடிப் போய்ப் பறித்துச் சாறு பிழிகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பூமுள்தான் ஆபத்து. இடுக்கியால் பிடித்துத் தீயில் வாட்டி, தோலை உரித்து, நடுவே இருக்கிற முள்ளையும் எடுத்துவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும்.

எங்கே பறிக்கலாம் என்பதும் முக்கியம். குதிரைமொழித் தேரியின் செம்மணலைப் பார்த்ததும் இறங்கிவிடத் தோன்றும். காப்புக்காட்டுப் பகுதியில் வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளில் அந்தப் பேச்சே இல்லை. பட்டா நிலமென்றால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

வருத்தமான விஷயம், பறிக்கப் போகிறவர்களைவிடப் பறிக்க இருப்பவை வேகமாகக் குறைகின்றன என்பதே. இலந்தையும் களாவும் நின்ற இடங்களைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது. அதை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இயந்திரம் தோண்டும்போது பக்கத்தில் நிற்கிற இலந்தைக் கன்றையும் சேர்த்தே வாரிவிடுகிறது. கரிசலில் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். அந்த மருந்துக்கு மிதுக்கும் ஒரு களைதான்.

அதனால்தான் கொடியை வேரோடு பிடுங்காமல் காயை மட்டும் கிள்ளுவதும், நாலைந்து காயைப் பழுக்க விட்டுவிடுவதும் அவசியமாகிறது. பழுத்து வெடித்த மிதுக்கு அங்கேயே விதை சிந்தும். பங்குனி, சித்திரை வெயில் முழுவதும் அது கரிசல் வெடிப்புக்குள் கிடந்து, ஐப்பசியில் முதல் மழை விழும்போது முளைக்கும்.