அன்னைக்கு ஃபார்மில் ‘சிங்கிள்’... இன்னைக்கு மனைவி விசாவுக்கு சிக்கல்! பழைய தகவல் எப்படித் திரும்ப வருது? முழு விளக்கம்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு குடும்பம்னு வச்சுக்குவோம். மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். பொண்ணு பாளையங்கோட்டையில் படிச்சு முடிச்சவங்க. நிச்சயம் முடிஞ்ச கையோடு, “விசா வேலையைச் சீக்கிரம் ஆரம்பிக்கணும்” என்று மார்ச் மாசமே சார்-பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்துவிடுகிறார்கள். தாலி, மண்டபம், பந்தி எல்லாம் தை மாசத்துக்குத்தான்.

நடுவில், மே மாசம், “ஒரு தடவை போய் பார்த்துட்டு வரட்டுமே” என்று பொண்ணுக்கு டூரிஸ்ட் விசாவுக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஏஜென்ட் ஃபார்மை நிரப்புகிறார். திருமண நிலை: ‘திருமணம் ஆகாதவர்’. அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் உண்டா: ‘இல்லை’. விசா கிடைக்கவில்லை. யாரும் பெரிசா எடுத்துக்கவும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து மனைவிக்கான விசா நேர்காணல். அதிகாரி கேட்கிறார்: “மே மாசம் சிங்கிள்னு சொல்லியிருக்கீங்க. உங்க சான்றிதழ் மார்ச் மாசமே கல்யாணம் ஆச்சுன்னு சொல்லுதே. எது உண்மை?”

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்தச் சிக்கல் கற்பனை இல்லை. இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் என்னென்ன சட்டம் இருக்கு, தப்பிக்க வழி இருக்கா? வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

‘முதல்ல ரெஜிஸ்டர், அப்புறம் கல்யாணம்’ - என்ன பிரச்சினை?

விசாவுக்காக முதலில் பதிவு, பிறகு சடங்கு என்ற இந்தப் பழக்கத்தைப் பற்றி உச்ச நீதிமன்றமே 2024-ல் பேசியிருக்கிறது. சடங்கு எதுவும் நடத்தாமல் சான்றிதழ் மட்டும் வாங்கிய இரண்டு விமானிகளின் வழக்கு அது. நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மசி அமர்வு, இந்து திருமணச் சட்டப்படி உரிய சடங்கு நடக்காவிட்டால் அது திருமணமே இல்லை, பதிவுச் சான்றிதழ் மட்டும் அதைத் திருமணம் ஆக்கிவிடாது என்று சொன்னது. வெளிநாட்டு விசாவுக்காகப் பெற்றோரே இப்படி முன்கூட்டிப் பதிவு செய்ய ஒப்புக்கொள்வதையும் நீதிமன்றம் குறிப்பிட்டு, அந்தப் போக்கு சரியில்லை என்று கண்டித்தது.

தமிழ்நாட்டில் சடங்கு என்றால் ஏழடி சுற்றி வரணும் என்ற கட்டாயம் இல்லை. 1967-ல் கொண்டுவரப்பட்ட 7ஏ பிரிவின்படி உறவினர்கள் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ அது செல்லுபடியாகும் சுயமரியாதைத் திருமணம்தான். சிறப்புத் திருமணச் சட்டத்தில் நடக்கும் திருமணத்துக்குச் சடங்கே தேவையில்லை.

இப்போ அந்த அம்பாசமுத்திரம் குடும்பத்துக்கு வருவோம். மார்ச்சில் மாலையாவது மாற்றி முறைப்படி கல்யாணம் நடந்தது என்றால், மே மாசம் சொன்ன ‘சிங்கிள்’ பொய். எதுவுமே நடக்கவில்லை என்றால், பதிவாளரிடம் ‘இந்தத் தேதியில் திருமணம் நடந்தது’ என்று கையெழுத்துப் போட்டது பொய். எந்தப் பக்கம் போனாலும் ஒரு அரசு அலுவலகத்தில் தவறான தகவல் கொடுத்ததாக ஆகிறது. “இன்னும் தாலி கட்டலையே, அதான் சிங்கிள்னு போட்டோம்” என்பது நம்ம வீட்டுக்குப் புரியும். தூதரக அதிகாரியிடம் அதை நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

பழைய ஃபார்ம் அவங்ககிட்ட இன்னுமா இருக்கும்?

இருக்கும். அமெரிக்க டூரிஸ்ட், மாணவர் விசாக்களுக்கு நிரப்பும் டிஎஸ்-160 ஃபார்ம் முழுக்க ஆன்லைன். பத்து விரல் ரேகையும் எடுக்கிறார்கள். பெயரில் இனிஷியலை மாற்றினாலும், புது பாஸ்போர்ட் எடுத்தாலும், ரேகை பழைய ஃபைலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு விஷயம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 5 நாடுகளும் குடியேற்றத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. கனடாவில் விசா மறுக்கப்பட்டதை ஆஸ்திரேலியாவுக்கான ஃபார்மில் மறைத்தால் அது தெரியவர நிறைய வாய்ப்பு உண்டு.

“ஏஜென்ட்தான் நிரப்பினார், எனக்குத் தெரியாது” - செல்லுமா?

பெரும்பாலும் செல்லாது. டிஎஸ்-160-ன் கடைசியில் ‘இந்த ஃபார்மை நிரப்ப யாராவது உதவினார்களா?’ என்று ஒரு கேள்வி உண்டு. ஏஜென்டே நிரப்பிவிட்டு, அதிலும் ‘இல்லை’ என்று போட்டால், அங்கேயே இன்னொரு தவறான தகவல் சேர்ந்துவிடுகிறது. ஏஜென்ட் என்ன எழுதுகிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், பொறுப்பு உங்களுடையதுதான். உண்மையிலேயே தெரியாமல் நடந்திருந்தால் அந்த வாதம் எடுபடலாம். ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

நிறைய பேர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கு. ‘நெருங்கிய உறவினர்’ என்று அந்த ஃபார்ம் கேட்பதில் கணவர், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்களோடு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை, பொண்ணும் அடக்கம். நிச்சயம் முடிஞ்சு, மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கும்போது ‘யாரும் இல்லை’ என்று எழுதினால் அது தவறான பதில்.

எல்லாத் தப்பும் பொய்தானா?

இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் மூன்று விஷயம் பார்க்கிறார்கள். சொன்ன தகவல் உண்மைக்கு மாறானதா? தெரிந்தே சொன்னதா? விசா முடிவைப் பாதிக்கக்கூடிய முக்கியமான தகவலா? மூன்றும் சேர்ந்தால்தான் அது மோசடிப் பிரிவுக்குள் வரும்.

பள்ளி டி.சி.யில் ஒரு பிறந்த தேதி, பிறப்புச் சான்றிதழில் வேறு தேதி. அப்பா பெயர் ஒரு இடத்தில் இனிஷியலாக, இன்னொரு இடத்தில் குடும்பப் பெயராக - இதெல்லாம் நம்ம ஊரில் சகஜம். ஆவணங்களோடு விளக்கம் கொடுத்தால் இவை பொய்க் கணக்கில் வராது. கேட்காத கேள்விக்குத் தானாகச் சொல்லாமல் விட்டதும் மட்டும் பொய் ஆகாது. கேட்ட கேள்விக்கு மாற்றிச் சொன்னால்தான் வினை.

மறுப்புச் சீட்டில் எந்த நம்பர்?

விசா மறுக்கும்போது கொடுக்கும் தாளில் சட்டப் பிரிவு எண் இருக்கும். அதைத் தேடி எடுங்க. அதில்தான் விஷயமே இருக்கு.

● 214(பி): ‘நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நம்பிக்கை வரவில்லை’ என்று அர்த்தம். இதற்கும் பொய்க்கும் சம்பந்தமில்லை. இது மட்டும் இருந்தால் மனைவி, கணவர் விசாவுக்குத் தடை ஆகாது. ஆனால் ‘முன்பு விசா மறுக்கப்பட்டதா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே சொல்லணும்.

● 221(ஜி): கூடுதல் ஆவணமோ பரிசோதனையோ தேவை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கு.

● 212(ஏ)(6)(சி)(ஐ): தெரிந்தே தவறான தகவல் கொடுத்தீர்கள் என்ற முடிவு. இதுக்குக் காலக்கெடு கிடையாது. 10 வருஷம் ஆனாலும், 20 வருஷம் ஆனாலும் தடை நீடிக்கும்.

முன்பு 214(பி) மட்டும் போட்டிருந்தாலும் முழுசா நிம்மதி அடைய முடியாது. பழைய ஃபார்மில் இருக்கும் பொய் அன்று கண்ணில் படாமல், இன்று மனைவி விசா நேர்காணலில் வெளிவரலாம். இந்தியர்களுக்கான அமெரிக்கக் குடியேற்ற விசா நேர்காணல் மும்பை தூதரகத்தில் நடக்கிறது. நெல்லையில் இருந்து மும்பை வரை போய், அங்கே முதல் முறையாக இந்தக் கேள்வியைச் சந்தித்தால் என்ன ஆகும் என்று யோசிச்சுப் பாருங்க.

வாழ்நாள் தடை என்றால் அவ்வளவுதானா?

அவ்வளவுதான் இல்லை. ‘ஐ-601’ என்ற விலக்கு மனு இருக்கிறது. ஆனால் அதில் மையமாக நிற்பவர் விசா கேட்கும் மனைவி இல்லை. அமெரிக்காவில் இருக்கும் கணவர். மனைவிக்கு விசா மறுக்கப்பட்டால், குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவருக்கு (அல்லது மனைவியின் பெற்றோர் அங்கே அப்படி இருந்தால் அவர்களுக்கு) ‘அதீத கஷ்டம்’ வரும் என்று நிரூபிக்கணும்.

பிரிந்திருக்கும் வேதனை, இரண்டு வீட்டுச் செலவு ஆகியவை மட்டும் போதாது. அது எல்லாருக்கும் வருவதுதானே என்பார்கள். கணவரின் நோய், தொடர் சிகிச்சை, அவரை நம்பி இருக்கும் வயதான பெற்றோர், மனநலப் பாதிப்பு போன்றவற்றுக்கு மருத்துவ ஆவணங்களோடு ஆதாரம் வேணும். “நீங்க ஏன் இந்தியாவுக்கே போய் வாழக்கூடாது?” என்ற கேள்விக்கும் பதில் தயாராக இருக்கணும். குழந்தைகள் படும் கஷ்டம் இந்த விலக்கில் நேரடியாக எடுத்துக்கொள்ளப்படாது. அது கணவரை எப்படிப் பாதிக்கிறது என்ற வழியில்தான் வரும். தூதரகம் தகுதியில்லை என்று முடிவு சொன்ன பிறகுதான் மனு போட முடியும். முடிவு வர மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் ஆகும்.

கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், அந்தக் கதவும் குறுகியதுதான். அமெரிக்கக் குடிமகனின் கணவருக்கோ மனைவிக்கோ விசா கிடைத்தே ஆகணும் என்பது அடிப்படை உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் மாதம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

விலக்கே கிடைக்காத இடங்களும் உண்டு. விசாவுக்காக முன்பு ஒரு போலிக் கல்யாணம் செய்தது நிரூபணமானால், அடுத்து நடக்கும் கல்யாணம் நிஜமாகவே இருந்தாலும் மனு ஏற்கப்படாது. அமெரிக்கக் குடிமகன் என்று பொய் சொன்னவர்களுக்கும் குடியேற்ற விசாவில் அநேகமாக வழி இல்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

● கனடா: தவறான தகவலுக்கு 5 ஆண்டு தடை. முடிவெடுக்கும் முன் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவார்கள். அதில் கொடுத்த கெடுவுக்குள் பதில் போவது ரொம்ப முக்கியம். கணவர், மனைவிக்கு ஸ்பான்சர் செய்தவர் மேல்முறையீடு செய்ய வழி உண்டு.

● ஆஸ்திரேலியா: பொய்த் தகவல், போலி ஆவணத்துக்கு 3 ஆண்டு. அடையாளத்தையே மாற்றியிருந்தால் 10 ஆண்டு. 3 ஆண்டுத் தடைக்கு மட்டும், அங்கே உள்ள குடிமக்களைப் பாதிக்கும் வலுவான காரணம் இருந்தால் விலக்கு கேட்கலாம்.

● பிரிட்டன்: ஏமாற்று என்று முடிவானால் பல விசாக்களுக்கு 10 ஆண்டு வரை தடை. குடும்ப விசா மறுக்கப்பட்டால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பிரிட்டனில் நடந்த ஒன்றையும் தெரிஞ்சுக்கணும். அங்கே 2011 முதல் 2014 வரை நடந்த ஆங்கிலத் தேர்வில் முறைகேடு என்று பிபிசி வெளிப்படுத்தியது. அதன் பிறகு 58,000-க்கும் மேற்பட்ட தேர்வு முடிவுகளில் 97 சதவீதத்தைச் சந்தேகத்துக்குரியவை என்று தேர்வு நிறுவனம் வகைப்படுத்தியது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் சுமார் 12,500 பேர் மேல்முறையீடு செய்ததில் 3,600 பேர் வென்றதாக அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு 2019-ல் சொன்னது. ‘பொய் சொன்னார்’ என்று அரசு சொல்வது எப்போதும் சரியாக இருக்காது. ஆதாரத்தைப் பத்திரப்படுத்தினால் எதிர்த்து வாதாடலாம்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன கேட்கணும்?

பொய் எப்போதும் பொண்ணு பக்கமே இருக்காது. கனடா மாப்பிள்ளை என்றால், “பி.ஆர். எப்போ வந்தது? அப்போ ஃபார்மில் என்ன போட்டீங்க?” என்று கேளுங்க. கல்யாணம் முடிந்த பிறகு பி.ஆர். வாங்கியிருந்து, அதில் மனைவியைக் குறிப்பிடாமல் ‘சிங்கிள்’ என்று சொல்லியிருந்தால், பின்னாளில் அந்த மனைவியை ஸ்பான்சர் செய்ய முடியாது என்பது அங்கே விதி. 2019 செப்டம்பரில் கொண்டுவந்த சலுகைத் திட்டத்தில் சிலருக்கு மட்டும் தளர்வு கிடைத்தது. ஊருக்கு வந்து சத்தமில்லாமல் பதிவு செய்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் மாட்டுவது இங்கேதான்.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், வேலையை ராஜினாமா செய்யும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டால் தப்பா நினைப்பாங்களோ என்று விட்டுவிட்டால், பொண்ணு தாலியோடு பிறந்த வீட்டிலேயே வருஷக்கணக்கில் காத்திருக்கணும்.

இப்போ என்ன செய்யணும்?

1. இதுவரை எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், எல்லா ஃபார்ம் பிரதியையும் மறுப்புத் தாள்களையும் திரட்டுங்க. ஏஜென்டிடம் பிடிஎஃப் கேட்டு வாங்குங்க.

2. நிச்சயம், பதிவு, தாலி, ஒவ்வொரு விசா விண்ணப்பம் - எல்லாத் தேதியையும் ஒரே தாளில் வரிசையாக எழுதுங்க. முரண் எங்கே என்று உங்களுக்கே தெரிஞ்சிடும்.

3. முரண் இருந்தால் புது ஃபார்மில் அதை மறைக்காதீங்க. அதிகாரி பிடிப்பதற்கு முன் நீங்களே திருத்திச் சொல்வதற்கும், பிடித்த பிறகு ஒப்புக்கொள்வதற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. முதல் வாய்ப்பிலேயே தானாகத் திருத்தினால் அது உங்களுக்குச் சாதகம்.

4. அந்த நாட்டில் உரிமம் பெற்றவரிடம் மட்டும் ஆலோசனை கேளுங்க. அமெரிக்காவுக்கு அங்குள்ள வழக்கறிஞர். கனடா, ஆஸ்திரேலியாவுக்கு வழக்கறிஞர் அல்லது அரசு அங்கீகாரப் பதிவு உள்ள ஆலோசகர்.

5. பழைய பொய்யைச் சரிக்கட்ட புதுச் சான்றிதழ், தேதி மாற்றிய பத்திரம் தயாரிக்காதீங்க. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தெரிந்தே தவறான தகவல் கொடுத்தால், 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி 2 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

6. ஃபார்மை யார் நிரப்பினாலும் ‘சப்மிட்’ அழுத்தும் முன் ஒவ்வொரு பதிலையும் நீங்களே படிங்க. இங்கிலீஷ் புரியலைன்னா தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்க.

அந்த அம்பாசமுத்திரம் குடும்பத்துக்கு இன்னும் வழி இருக்கு. பழைய ஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு, நேர்காணலுக்கு முன்பே வழக்கறிஞரைப் பார்த்து, நடந்ததை நடந்தபடி சொன்னால் காத்திருப்பு நீளலாம், ஆனால் கதவு மூடாது. மும்பையில் போய் “அது வேற யாரோ போட்டது சார்” என்று சொன்னால், விலக்கு மனு கொடுக்கும்போது அந்தப் பதிலுக்கும் சேர்த்து விளக்கம் எழுதணும்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நாட்டின் அதிகாரப்பூர்வ தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)