கிர் சிங்கம் திண்டிவனம் வகுப்பறைக்கு வருமா? ஸ்மார்ட் போர்டில் சிங்கப் பாடம் நடத்துவது எப்படி? முழு விளக்கம்

"சிங்கம் எங்க இருக்கும்?"

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு மூன்றாம் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. "காட்டுல" என்று ஒரு குரல் வரும். "ஆப்பிரிக்காவுல" என்று இன்னொன்று. லீவுக்கு டூர் போய்வந்த பிள்ளை "வண்டலூர்ல" என்று சொல்லும். மூன்றும் தப்பில்லை. ஆனால் "குஜராத்துல" என்ற பதில் வருவது சந்தேகம்தான்.

உலகத்தில் காட்டில் வாழும் ஆசியச் சிங்கங்கள் அத்தனையும் இருப்பது நம்ம நாட்டில்தான். அதுவும் குஜராத் மாநிலத்தில், கிர் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் மட்டும்தான். இந்த ஒரு தகவலை ஒரு தொடக்கப் பள்ளி மாணவருக்குப் புரியவைப்பது எப்படி? வகுப்பறைக்கு வந்திருக்கும் ஸ்மார்ட் போர்டு அதுக்கு எந்த அளவுக்கு உதவும்? பார்க்கலாம்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

தமிழ்நாடு அரசு தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. அதோடு 79,723 ஆசிரியர்களுக்கு கையடக்கக் கணினி, அதாவது டேப், வழங்கும் திட்டமும் வந்தது. 2023-ல் பள்ளிக் கல்வித்துறையின் 'மணற்கேணி' செயலி அறிமுகமானது. அதற்கு முன்பே, 2018-ல் புதிய பாடத்திட்டம் வந்தபோது, பாடப் புத்தகங்களில் க்யூஆர் கோடு அச்சாகத் தொடங்கிவிட்டது.

சிம்பிளா சொன்னா, சார்ட் பேப்பரில் ஒட்டிய சிங்கப் படத்தைக் காட்டிய இடத்தில் இப்போது அசையும் சிங்கத்தையே காட்ட முடியும். கருவி வந்துவிட்டது. அதை வைத்து என்ன காட்டுவது என்பதுதான் கேள்வி. யூடியூபில் 'லயன்' என்று தேடி, முதலில் வரும் வீடியோவை ஓட்டினால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஆப்பிரிக்கச் சிங்கம் எருமையை விரட்டும் காட்சிதான் வரும். பிள்ளைகள் கைதட்டுவாங்க. ஆனால் பாதுகாப்பு பற்றி ஒன்றும் கற்றிருக்க மாட்டாங்க.

முதல் பாடம்: எந்தச் சிங்கம் நம்ம சிங்கம்?

இதற்குப் படங்களே போதும். ஆசியச் சிங்கத்தின் படத்தையும் ஆப்பிரிக்கச் சிங்கத்தின் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, "ஆறு வித்தியாசம் கண்டுபிடி" போல விளையாடலாம். பிள்ளைகள் பார்க்க வேண்டியவை:

* வயிற்று மடிப்பு: ஆசியச் சிங்கத்தின் அடிவயிற்றில் நீளவாக்கில் தோல் மடிப்பு தொங்கும். ஆப்பிரிக்கச் சிங்கத்தில் இது அரிது.
* பிடரி: ஆசிய ஆண் சிங்கத்தின் பிடரி கொஞ்சம் குறைவு. அதனால் காது நன்றாக வெளியே தெரியும்.
* குடும்பம்: ஆப்பிரிக்காவில் ஆண், பெண், குட்டி எல்லாம் ஒரே கூட்டமாக இருக்கும். கிரில் ஆண் சிங்கங்கள் பெரும்பாலும் தனியாகச் சுற்றும்.

ஸ்மார்ட் போர்டில் படத்தைப் பெரிதாக்கி, அந்த வயிற்று மடிப்பை ஒரு மாணவரே வந்து வட்டமிட்டுக் காட்டலாம். அப்படி ஒருமுறை கண்டுபிடித்த பிள்ளை அதை மறக்காது.

எண்ணிக்கை கூடிடுச்சே, அப்புறம் என்ன பிரச்னை?

கணக்கை வரிசையாகப் பார்ப்போம். 1968-ல் கிரில் எண்ணப்பட்ட சிங்கங்கள் 177. அதன் பிறகு:

* 2005 – 359
* 2010 – 411
* 2015 – 523
* 2020 – 674
* 2025 – 891

வேட்டையால் அழியும் நிலைக்குப் போன ஒரு உயிரினம் இப்படி மீண்டு வந்திருப்பது பெரிய விஷயம். இதை நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்களையே பட்டை வரைபடமாகப் போர்டில் வரையச் சொல்லலாம். அறிவியலும் கணக்கும் ஒரே பாடத்தில் முடியும்.

ஆனால் கதை இங்கே முடிவதில்லை. கிர் பாதுகாக்கப்பட்ட பகுதியின் பரப்பு சுமார் 1,412 சதுர கிலோமீட்டர். விழுப்புரம் மாவட்டத்தின் பாதி அளவுகூட இல்லை. அவ்வளவு சிங்கங்களுக்கு அந்த இடம் போதவில்லை. 2025 கணக்கெடுப்பின்படி கிர் தேசியப் பூங்காவிலும் சரணாலயத்திலும் இருந்தவை 384 சிங்கங்கள்தான். மீதி 507 சிங்கங்கள் அதற்கு வெளியே இருந்தன. வயல், தோப்பு, ஆற்றங்கரை, கடற்கரைப் புதர் என்று சுமார் 35,000 சதுர கிலோமீட்டரில் அவை பரவியிருக்கின்றன. அது விழுப்புரம் மாவட்டத்தைப் போல சுமார் ஒன்பது மடங்கு பரப்பு.

பரவியிருந்தாலும் அவையெல்லாம் ஒரே வட்டாரத்துச் சிங்கங்கள். ஒரு தொற்றுநோய் வந்தால்? 2018 செப்டம்பரில் அதுதான் நடந்தது. கிர் கிழக்குப் பகுதியில் உள்ள டல்கானியா சரகத்தில் சில வாரங்களில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. நாய்களுக்கு வரும் 'கேனைன் டிஸ்டெம்பர்' வைரஸ் இறந்த சிங்கங்கள் சிலவற்றில் உறுதியானது. 1994-ல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் இதே வைரஸ் சுமார் ஆயிரம் சிங்கங்களைக் கொன்றது.

இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஒரு உதாரணம் நம்ம பக்கத்திலேயே இருக்கு. 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் கொரோனா பரவியது. நீலா என்ற பெண் சிங்கமும், பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இரண்டு வார இடைவெளியில் இறந்தன. அது காடு இல்லை, பூங்காதான். ஆனால் ஒரே இடத்தில் இருக்கும் விலங்குகளிடம் நோய் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை அது காட்டியது.

"எல்லாச் சிங்கத்தையும் ஒரே இடத்துல வைக்காதீங்க" என்று நிபுணர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், கிர் சிங்கங்களில் சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்ற உத்தரவிட்டது. சிங்கங்கள் அங்கே போகவில்லை. 2022-ல் குனோவுக்கு வந்தது ஆப்பிரிக்கச் சிறுத்தையான சீட்டா. இதற்கிடையே, குஜராத்துக்குள்ளேயே இருக்கும் பர்தா சரணாலயத்துக்கு 2023-ல் ஒரு சிங்கம் தானாகவே போய்ச் சேர்ந்தது. 2025-ல் அங்கே 17 சிங்கங்கள் இருந்தன. இது நல்ல செய்திதான். ஆனால் பர்தாவும் அதே சௌராஷ்டிரா வட்டாரம்தான்.

மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

பாடத்தின் முக்கியமான இடம் இதுதான். விழுப்புரம் மாவட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு வரும் பல பிள்ளைகளின் வீட்டில் ஒரு மாடாவது, ரெண்டு ஆடாவது இருக்கும். அந்தப் பிள்ளையிடம் "சிங்கத்தைக் காப்பாத்தணும்" என்று சொல்வது சுலபம். "உங்க வீட்டு மாட்டைச் சிங்கம் அடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால்தான் பிள்ளை யோசிக்க ஆரம்பிக்கும்.

கிர் பகுதி மக்களுக்கு இது கற்பனைக் கேள்வி இல்லை. அங்கே மால்தாரி என்ற கால்நடை வளர்ப்போர் எருமை, மாடுகளோடு காட்டுக்குள்ளேயே பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். சிங்கம் மாட்டை அடிப்பது அங்கே வழக்கமாக நடப்பது. அப்படி மாட்டை இழந்தவருக்கு அரசு இழப்பீடு தருகிறது. நஷ்டத்தை ஏழை வீடு மட்டும் சுமக்கக் கூடாது என்பதும் பாதுகாப்புப் பாடத்தில் ஒரு பகுதி. இதை எட்டு வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்ளும்.

இன்னும் இரண்டு விஷயங்கள் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

ஒன்று, கிணறு. சுற்றுச்சுவர் இல்லாத விவசாயக் கிணற்றில் ஆடு விழுந்த கதை நம்ம பக்கத்துக் கிராமங்களில் புதுசு இல்லை. கிர் பக்கம் அதே மாதிரிக் கிணறுகளில் சிங்கம் விழுந்து இறந்திருக்கிறது. அதனால் அங்கே ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சுவர் சிங்கத்தையும் காக்கும், கிணத்தடியில் விளையாடும் குழந்தையையும் காக்கும்.

இரண்டாவது, ரயில். திண்டிவனம், விழுப்புரம் பிள்ளைகளுக்கு ரயில் சத்தம் பழகியது. குஜராத்தில் பிபாவாவ் துறைமுகம் போகும் ரயில் பாதையில் அடிபட்டுச் சிங்கங்கள் இறந்திருக்கின்றன. "அப்போ ரயிலை நிறுத்திடலாமா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்கட்டும். வேகத்தைக் குறைப்பது, வேலி போடுவது, பாதையைக் கண்காணிக்க ஆள் வைப்பது என்று பதில்களைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

ஸ்மார்ட் போர்டில் என்னென்ன செய்யலாம்?

1. கூகுள் எர்த் பயணம்: உங்க பள்ளியின் கூரையில் தொடங்கி கிர் காடு வரை போகலாம். திண்டிவனத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தாலே 1,300 கிலோமீட்டருக்கு மேல் வரும். காட்டைச் சுற்றி வயலும் ஊரும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் பிள்ளைகளே பார்க்கலாம்.

2. கர்ஜனை வட்டம்: சிங்கத்தின் கர்ஜனை சுமார் 8 கிலோமீட்டர் தூரம் கேட்கும் என்பார்கள். மேப்பில் உங்க பள்ளியை மையமாக வைத்து 8 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்க. "நம்ம ஸ்கூல்ல சிங்கம் கத்துனா எந்தெந்த ஊருக்குக் கேட்கும்?" என்று கேட்டால் வகுப்பே கூச்சல் போடும்.

3. 3டி சிங்கம்: சில போன்களில் கூகுள் தேடலில் விலங்குகளை 3டி-யில் பார்க்கும் வசதி 2019-ல் வந்தது. உங்க போனிலோ டேபிலோ அது வேலை செய்கிறதா என்று முதல் நாளே சரிபார்த்துக்கோங்க. நடந்தால் நல்லது, நடக்காவிட்டாலும் பாடம் நிற்காது.

4. ஆஃப்லைன் வீடியோ: நெட் எப்போ போகும், கரண்ட் எப்போ போகும் என்று சொல்ல முடியாது. இரண்டு நிமிட வீடியோ ஒன்று, ஆறு படங்கள், ஒரு மேப் ஸ்கிரீன்ஷாட் இவற்றை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைப்பது நல்லது.

5. நாணயம்: இதற்கு ஸ்கிரீனே தேவையில்லை. ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து எத்தனை சிங்கம் தெரியுது என்று எண்ணச் சொல்லுங்க. மூன்று தெரியும். நான்காவது பின்னால் இருக்கிறது என்பதை சாரநாத் தூணின் படத்தைப் போர்டில் காட்டி விளக்கலாம்.

எதைத் தவிர்க்கணும்?

வாட்ஸ்அப்பில் வரும் சிங்க வீடியோக்களை அப்படியே வகுப்பில் ஓட்டாதீங்க. தூங்குகிற மனிதனை மோந்து பார்க்கும் சிங்கம், தெருவில் நாயோடு கைகுலுக்கும் சிங்கம் என்று ஏஐ-யில் செய்த வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. வேண்டுமானால் அப்படி ஒன்றைப் போட்டு, "இது நிஜமா, பொய்யா? எப்படித் தெரியும்?" என்று கேட்கலாம். கால்கள் எப்படி நகருது, நிழல் எங்கே விழுது, வீடியோவை யார் எடுத்தது என்று பார்க்கப் பழகுவது பிள்ளைகளுக்கு ரொம்பக் காலம் உதவும்.

ரத்தக் காட்சிகள் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பூங்காவையும் காட்டையும் குழப்பவும் வேண்டாம். 2025 அக்டோபரில் வண்டலூர் சஃபாரியில் ஒரு சிங்கம் இரவுக் கூண்டுக்குத் திரும்பாமல், பிறகு தானாகத் திரும்பி வந்த செய்தி டிவியில் ஓடியது. பிள்ளைகளுக்கு அது ஞாபகம் இருந்தால், "வண்டலூர் சிங்கத்துக்கு சாப்பாடு யார் போடுறாங்க? கிர் சிங்கத்துக்கு யார் போடுறாங்க?" என்று கேளுங்க. 'காட்டு விலங்கு' என்ற சொல்லின் அர்த்தம் அந்தக் கேள்வியிலேயே விளங்கிவிடும்.

நம்ம ஊருக்கும் சிங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

பெயரில் நிறையவே இருக்கு. செஞ்சி பக்கத்தில் இருக்கும் ஊரின் பெயரே சிங்கவரம். விழுப்புரம் மாவட்டத்தின் பனமலைக் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் பெயர் ராஜசிம்மன். நம்ம ஊர்க் கல்லிலும் பெயரிலும் சிங்கம் இருக்கிறது. நம்ம காட்டில் இல்லை.

ஆனால் பாதுகாக்க வேண்டிய ஒன்று நம்ம கையிலேயே இருக்கு. மரக்காணம், வானூர் பக்கம் விரிந்து கிடக்கும் கழுவெளி. 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து பறவைகள் வந்து இறங்கும் அந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றியும் வயல் இருக்கு, ஊர் இருக்கு, பிழைப்பு இருக்கு. கிரில் மால்தாரிகளிடம் கேட்கும் கேள்வியை இங்கே நம்மிடமே கேட்கலாம்.

40 நிமிடத்தில் எப்படி முடிப்பது?

* முதல் 5 நிமிடம்: நாணயத்தில் சிங்கம் எண்ணுதல்
* அடுத்த 10: கூகுள் எர்த்தில் கிர் பயணம், வயிற்று மடிப்பு விளையாட்டு
* அடுத்த 10: 177-லிருந்து 891 வரை வரைபடம், ஒரே இடத்தில் இருப்பதன் ஆபத்து
* அடுத்த 10: போர்டை அணைத்துவிட்டு, "உங்க வீட்டு மாடு" கேள்வியும் பேச்சும்
* கடைசி 5: கழுவெளியில் பார்த்த ஒரு பறவையை வரைந்து, அதற்கு என்ன ஆபத்து என்று ஒரு வரி எழுதுதல்

ஆகஸ்ட் 10 உலகச் சிங்க தினம். குஜராத்தில் அன்று பள்ளிப் பிள்ளைகள் சிங்க முகமூடி போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்கள். நம்ம ஊரில் ஊர்வலம் வேண்டாம், ஒரு பீரியட் போதும். அன்று மாலை வீட்டுக்குப் போகும் பிள்ளை அம்மாவிடம் "நம்ம கிணத்துக்குச் சுவர் இருக்கா?" என்று கேட்டால், பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.