வெயில் குறைந்தால் யூரியா ஈடு செய்யுமா?



ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நான் போகிற ஊரிலெல்லாம் ஒரே கேள்விதான். "ஐயா, மூட்டம் விட்டபாடில்லை. சம்பாப் பயிர் சோர்ந்து நிக்குது. இன்னொரு மூட்டை யூரியா போடட்டுமா?" என்கிறார்கள். பயிர் தன் சாப்பாட்டை எப்படித் தயாரிக்கிறது என்று தெரிந்தால், இதற்குப் பதில் தானே கிடைக்கும்.

பயிருக்கு இலைதான் அடுப்பங்கரை, வெயில்தான் நெருப்பு. காற்றிலுள்ள கரியமில வாயுவை இலை இழுத்துக்கொள்கிறது. வேர் தண்ணீரை அனுப்புகிறது. இலையிலுள்ள பச்சையம் வெயிலைப் பிடித்துக் கொடுக்க, இரண்டும் சேர்ந்து சர்க்கரையாகிறது. இதற்கு ஒளிச்சேர்க்கை என்று பெயர். நெல்மணியிலுள்ள மாவெல்லாம் இப்படிச் சேர்ந்த சர்க்கரைதான்.

அப்படியானால் உரம் எதற்கு? அது அடுப்பங்கரைப் பாத்திரம் மாதிரி. தழைச்சத்து இல்லாமல் பச்சையம் உண்டாகாது. அது குறைந்தால் அடி இலை முதலில் மஞ்சளாகும். சாம்பல் சத்து, இலைத்துளைகள் திறந்து மூடவும், சர்க்கரை கதிருக்குப் போய்ச் சேரவும் உதவுகிறது.

இப்போது சொல்லுங்கள். தீ மந்தமாக எரியும்போது பாத்திரத்தை அடுக்கினால் சோறு பொங்குமா? மூட்டத்தில் அளவுக்கு மிஞ்சி யூரியா போட்டால் பயிர் கரும்பச்சையாக, உயரமாக வளரும். மேல் இலை மூடிக்கொள்வதால் அடி இலைக்கு வெளிச்சம் போகாது. தண்டு மெலிந்து சாயும். குலைநோய், இலைச்சுருட்டுப் புழு, புகையான் எல்லாம் தேடி வரும். ஒரு தாளடி வயலை நானே பார்த்தேன். ஊரே மெச்சிய பயிர். அறுப்புக்கு முன் படுத்துவிட்டது; தூற்றினால் பாதி பதர். "கடன் வாங்கிப் போட்ட உரம் ஐயா" என்று அந்தப் பெரியவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

என்ன செய்யலாம்? இலை வண்ண அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நட்ட 14-ம் நாள் முதல் கதிர் வரும் வரை, வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், பத்து இடங்களில் மேலிருந்து மூன்றாவது இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். வெயில் நேரே படாமல் உங்கள் நிழலில் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது அளவு. பத்தில் ஆறு இடம் அதற்குக் கீழே இருந்தால் மட்டும், மழைப் பருவத்தில் ஏக்கருக்கு சுமார் 26 கிலோ யூரியா போதும். மழை ஓய்ந்து, தண்ணீரை வடித்த பிறகு போடுங்கள்.

நெருக்கி நடாதீர்கள். எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுங்கள்; அடித்தூருக்கும் வெளிச்சம் கிடைக்கும், புகையானும் குறையும். நிழல் விழும் வரப்பு மரங்களைக் கழித்துவிடுங்கள். சாம்பல் சத்தை நிறுத்திவிடாதீர்கள்.

ஆகவே, மூட்டையைப் பிரிக்குமுன் வானத்தைப் பாருங்கள், இலையையும் பாருங்கள்.