நோயாளிக்கு என்ன உறவு?

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, ஓர் இளம் பெண் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பத்தாம் வகுப்பில் பையன்கள் வரிசையில் உட்கார்ந்து நம்மிடம் பாடம் கேட்டவள் என்று அவளே சொன்ன பிறகுதான் நமக்கு அடையாளம் புலப்பட்டது. அவள் திருநங்கை.

"ஸார், நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேருகிறேன். துணைக்கு ஒருவர் வேண்டுமாம். வீட்டில் யாரும் வர மாட்டார்கள்" என்றாள்.

மறுநாள் உடன் சென்றோம். கூட்டம் நிறைந்த தாழ்வாரத்தில், சிப்பந்தி அவளுடைய பழைய ஆண் பெயரை உரக்கக் கூவினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. ரண சிகிச்சைக்கு அஞ்சாதவள் அப்போதுதான் கண் கலங்கினாள்.

சட்டத்தில் குறையா? 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் ஏற்பட்டது. சில சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இந்த ரண சிகிச்சை இலவசமாகவே நடைபெறுகிறது. தம் பால் இன்னதென்று தீர்மானிக்கும் உரிமை அவரவருக்கே உண்டு. அதற்கு ரண சிகிச்சையை வற்புறுத்தலாகாது என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. உலக சுகாதார ஸ்தாபனமும் 2019-இல் இந்நிலையை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது.

ஆனால் ரண சிகிச்சை ஒரு நாள் காரியம். அதன் பின்னுள்ள கவனிப்போ ஆயுள் முழுவதற்கும் உரியது. ஹார்மோன் மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது அவசியம். மருந்தை அடியோடு நிறுத்திவிட்டால் எலும்புகள் பலம் குன்றும். ஆஸ்பத்திரியில் அவமானப்பட்டவர் மறுபடி அங்கே போகத் தயங்குவார். கடையில் கேட்டதை வாங்கி, தாமாகவே அளவு வைத்து விழுங்குவார். அதில் ரத்தம் உறையும் அபாயம்கூட உண்டு. குடியிருக்க வீடும், செய்ய வேலையும், பேச ஒரு மனிதரும் இல்லாவிட்டால், எவ்வளவு தேர்ந்த டாக்டரின் சிகிச்சையும் பாதிப் பலனைத்தான் தரும்.

அன்று நர்ஸ் அம்மாள் ஒரு காகிதத்தை நீட்டினாள். 'நோயாளிக்கு என்ன உறவு?' என்று அதில் ஒரு கட்டம். சற்று யோசித்து, 'வாத்தியார்' என்று எழுதிக் கையெழுத்திட்டோம். அவள் முகம் மலர்ந்தது உண்மைதான். எனினும் நேயர்களே, அந்தக் கட்டத்தில் 'தாய்' என்றோ 'தகப்பன்' என்றோ எழுதியிருக்க வேண்டிய கைகள் எங்கே போயின? அதற்கு மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. நம் வீடுகளில்தான் இருக்கிறது.