மாதிரி இரயில் எஞ்சின்கள்: எதைப் பார்த்து மதிப்பிடுவது?

திருத்தணி மலைப்படிகளில் ஏறும்போது திரும்பிப் பார்த்தால், தொலைவில் செல்லும் இரயில் தீப்பெட்டிகளைக் கோத்து இழுத்ததுபோல் தோன்றும். எஞ்சினின் கைப்பிடிக் கம்பியோ எண்ணோ தெரிவதில்லை. ஆயினும் அது இரயில்தான் என்பதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. மாதிரி எஞ்சின்களை ஒப்பிட விரும்புவோர் இக்காட்சியை மனத்தில் கொள்வது நன்று.

உலகில் பெரிதும் வழங்கும் மாதிரி அளவு எச்.ஓ. எனப்படும். உண்மை எஞ்சினை 87-ல் ஒரு பங்காகக் குறைப்பதே அது. நம் வழியே விரைவு வண்டிகளை இழுத்துச் செல்லும் டபிள்யூ.ஏ.பி.-7 மின் எஞ்சினின் நீளம் 20.56 மீட்டர், மாதிரியில் 23.6 செ.மீ. மேசைமேல் ஓடும் மாதிரியை 60 செ.மீ. தள்ளி நின்று பார்ப்பது, உண்மை எஞ்சினை 52 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அத்தொலைவில் திருகாணிகள் தெரியுமா? தெரியா. முகப்புக் கண்ணாடியின் சாய்வோ கூரையின் வளைவோ பிசகியிருந்தால் உடனே தெரியும். அப்பிழையை எத்தனை நுண்பகுதிகளை ஒட்டினாலும் மறைக்க இயலாது.

இங்கே நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. எச்.ஓ. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ. இதை 87-ஆல் பெருக்கினால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவழக்கான 1,435 மி.மீ. பாதை கிடைக்கும். நம் அகலப்பாதையோ 1,676 மி.மீ. அதற்கு 19.3 மி.மீ. இடைவெளி வேண்டும். ஆகவே கடையில் வாங்கும் தண்டவாளத்தில் நிற்கும் இந்திய எஞ்சின், முன்னாலிருந்து பார்த்தால், பருத்த உடலைக் குறுகிய கால்களில் தாங்குவதுபோல் இருக்கும். இங்கிலாந்துக்காரர்களும் நமக்குச் சளைத்தவர்களல்லர். 76-ல் ஒரு பங்கான தம் ஓ.ஓ. எஞ்சின்களையும் இதே 16.5 மி.மீ. பாதையில்தான் ஓட்டுகிறார்கள்!

கையில் எடுக்கும்போதுதான் நுண்பகுதிகள் பேசும். மலிவான மாதிரியில் கைப்பிடிகள் உடலோடு சேர்த்து வார்த்த மேடுகளாக இருக்கும். விலையுயர்ந்ததில் தனிக் கம்பி. 30 மி.மீ. தடிமனுள்ள கைப்பிடி மாதிரியில் 0.34 மி.மீ. ஆகும், தையல் ஊசியினும் மெல்லியது. அழகுதான், ஆனால் வீட்டில் சிறு தம்பி இருந்தால் ஒரு வாரம் தாங்காது. வண்ணப்பூச்சு 0.1 மி.மீ. கனத்தில் இருந்தாலே உண்மை எஞ்சின்மேல் 9 மி.மீ. சாந்து அப்பியதற்கு ஒப்பாகும். சிறு விளிம்புகள் அதில் மூழ்கிவிடும்.

சக்கர விளிம்பில் மட்டும் உண்மையை மீறியே ஆகவேண்டும். நம் இரயில்களில் 28.5 மி.மீ. உயரமுள்ள அவ்விளிம்பைக் கணக்குப்படி குறைத்தால் 0.33 மி.மீ. தான் எஞ்சும், மேசைப் பாதையில் வண்டி எளிதில் தடம் புரளும். எனவே அதைப் பெரிதாகவே செய்கிறார்கள். இதனைக் குறையாகக் கொள்வது நியாயமன்று.

ஓட்டத்திற்கும் அளவு உண்டு. மணிக்கு 60 கி.மீ. என்பது மாதிரியில் நொடிக்கு 19 செ.மீ. மட்டுமே. மட்டமானவை புறப்படும்போதே பாயும். எல்லாச் சக்கரங்களும் மின்சாரம் பெற்று, மோட்டார் அச்சில் கனத்த பித்தளைச் சக்கரமொன்றும் இருந்தால் எஞ்சின் ஊர்ந்து கிளம்பி ஊர்ந்து நிற்கும். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கும் நம்போன்றோர் முதலில் ஓட்டத்திற்கும், அடுத்து உருவ அமைதிக்கும் பணம் கொடுக்கலாம். கைப்பிடிக் கம்பிகளைப் பிறகு நாமே செய்து பொருத்திக்கொள்ளலாம். அதற்குமுன், சென்னை ஐ.சி.எப். அருகே 2002-ல் திறக்கப்பட்ட இரயில் அருங்காட்சியகத்திற்கு அளவுநாடாவோடு ஒருமுறை சென்று வாருங்கள்.